சீட்டில் விழுந்த பேட்டரி

"மீட்டரைப் பாருங்கக்கா, பதிமூணு வோல்ட் காட்டுது. பேட்டரி ஜம்முனு இருக்கு" என்று பல்லைக் காட்டினான் கம்பெனிக்காரன் விமல்.

எனக்கு உள்ளங்கால் முதல் உச்சி வரை எரிந்தது. ஒயர்மேன் படிப்பு படித்தவளிடமே இந்தக் கதையா! லித்தியம் பாஸ்பேட் பேட்டரி சும்மா இருக்கும்போது கடைசி வரை நல்ல வோல்ட்தான் காட்டும். சுமை கொடுத்தால்தான் குட்டு வெளிப்படும்.

எங்கள் உப்பு நீர் ஏரியில் யாரும் தன் இடத்தைத் தானே தேர்ந்தெடுப்பதில்லை. எந்த வீடு, எந்த நாள், எங்கே வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முடிவாகும். அதற்குப் பாடு என்று பெயர். போன பாட்டின்போது, இந்தப் பேட்டரியில் ஓடும் படகு மோட்டார் நின்று, என் வீட்டுக்காரர் கங்காதரன் நடு ஏரியில் கிடந்தார். இரண்டாவது தடவையும் வலை விழாவிட்டால் ஏரியில் எங்கள் பங்கு அடுத்தவனுக்குப் போய்விடும். அடுத்த பாடு வெள்ளிக்கிழமை. அன்று வியாழன்.

"உப்புத் தண்ணி பட்டிருக்கும். உங்களுக்கு வச்சுக்கத் தெரியல" என்றான் விமல்.

"யாருக்குத் தெரியல? வா மீன் ஏலக் கூடத்துக்கு. ஊரே பாக்கட்டும்."

பொன்னேரி மெக்கானிக் கடையில் வாங்கிய பதினைந்து கார் ஹெட்லைட் பல்புகளை, ஐந்து ஐந்தாகப் பலகையில் மாட்டி வைத்திருந்தேன். பேட்டரி மேல் அச்சடித்த நூறு ஆம்பியர்-அவர் (Ah) கணக்கு உண்மையானால், ஐந்து பல்பு நாலரை மணி நேரம் எரிய வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு புதுப் பேட்டரி கேட்டேன். அவன் வேனின் முன் இருக்கையிலிருந்து ஒன்றைத் தூக்கி வந்தான்.

"பின்னாடி ஆறு பெட்டி கீதே, இது மட்டும் இன்னாத்துக்கு முன்னாடி குந்திகினு வருது? மாப்பிள்ளையா?" என்றேன். கூடமே சிரித்தது.

ஊர்த் தலைவர் தருமலிங்கம் சிரிக்கவில்லை. "ஜமுனா கேக்கறது நாயம். இங்க எதுவும் சீட்டுலதான் வரும். ஆறுக்கும் நம்பர் போடு" என்றார். விமலே சீட்டை எடுத்தான். நான்காம் நம்பர் விழுந்தது.

என் பழையது, அவன் மாப்பிள்ளை, சீட்டில் வந்த புதுசு. மூன்றையும் ஒன்பது மணிக்கு ஒன்றாகப் பற்ற வைத்தேன்.

பதினொன்றே முக்காலுக்கு என் பல்புகள் ஐந்தும் பொட்டென்று அணைந்தன. "சொன்னேன்ல?" என்று விமல் எல்லார் முகத்தையும் பார்த்தான். அடுத்த பத்தாவது நிமிடம் நான்காம் நம்பரும் அணைந்தது. அட்டைப்பெட்டி வாசம்கூடப் போகாத பேட்டரி!

"இதுல எந்த உப்புத் தண்ணி பட்டுச்சு? சொல்லேன்டா!" என்று கத்தினேன். மாப்பிள்ளை மட்டும் ஒன்றரை தாண்டியும் எரிந்தது.

விமல் என்னை ஓரமாக அழைத்தான். "அக்கா, அந்த நல்லத நீங்க எடுத்துக்கங்க. நாளைக்கு உங்க பாடாமே. மத்தவங்க விஷயத்துல தலையிடாதீங்க."

பங்கு போனால் எங்களுக்கு வேறு என்ன இருக்கிறது? ஆனால் இதே பேட்டரியை ஊரில் இன்னும் பத்து வீடு வாங்கியிருக்கிறதே. கங்காதரனைப் பார்த்தேன். வாயில்லாப் பூச்சி என்று நானே திட்டும் மனுஷன் அவர். நேராகப் போய் எங்கள் பேட்டரியைத் தூக்கி வந்து வேனின் முன் சக்கரத்தடியில் வைத்தார்.

"ஏரி இடுப்பளவு தண்ணிதான். போன தடவ கோல் எடுத்துனு போவல. இந்தத் தடவ கோல் ஊனிப் போய்க்கறேன். பதினொண்ணையும் மாத்திட்டு வண்டிய எடு" என்றார்.

அரை மணி நேரத்தில் மற்ற பத்தும் வந்து சேர்ந்தன. வேனைச் சுற்றி பேட்டரி. விமல் பஸ்ஸில் போனான்.

வெள்ளி விடியலில் படகின் ஒரு பக்கம் அவர் கோல் ஊன்றினார், மறுபக்கம் நான். பொம்பளை வலை போடப் போவதா என்று ஒருத்தர் முனகினார். காதில் வாங்கவில்லை. நேரத்துக்குள் வலை விழுந்தது. பங்கு தப்பியது.

மத்தியானம் கரையேறினால், கம்பெனி லாரி நிற்கிறது. விமல் ஓடி வந்தான். "பதினொண்ணும் புதுசுக்கா. மீட்டர் வச்சுப் பாருங்க, பதிமூணு வோல்ட்."

கொப்புளம் உடைந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டேன்.

"மீட்டர உள்ள வை. சீட்ட எடு" என்று சொல்லிவிட்டு, பல்புப் பலகையை எடுக்கப் போனேன்.