உமாராணி எறிந்த மூன்று புள்ளி

உமாராணிக்கு வயிறு எரிந்தது. வெறும் வயிற்றில் பச்சை மிளகாயைக் கடித்தாற்போன்ற எரிச்சல். எட்டு வருஷமாகத் தென்காசி மகளிர் கூடைப்பந்து அணிக்குப் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவள் அவள். யார் எங்கே நிற்கிறாள், யாருக்கு எப்போது பந்து போக வேண்டும் என்பதெல்லாம் அவள் விரல்களுக்கே தெரியும். லீக்கில் மூன்று கோப்பை அப்படித்தான் வந்தது. ஆனால் பார்க்க வந்தவர்கள் ஆட்டக்காரிகளின் சொந்தக்காரர்களும் மழைக்கு ஒதுங்கியவர்களும்தான்.

இந்த வருஷம் செங்கோட்டையிலிருந்து ஹுஸ்னா வந்து சேர்ந்தாள். இருபது வயசு. பந்தைக் காலிடுக்கில் தட்டி எடுப்பாள், முதுகுக்குப் பின்னால் தள்ளுவாள், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே எங்கேயோ நின்று எறிவாள். பத்துக்கு ஆறு வெளியேதான் போகும். போனால் என்ன? குற்றாலத்தில் குளிக்க வந்தவன் ஈரத் துண்டோடு ஆட்டோ பிடித்து மேலகரத்து ஆட்டக் கொட்டகைக்கு வந்து டிக்கெட் வாங்கினான்.

"அவ ஆடுதது கூடைப்பந்தா, கரகாட்டமா?" என்று உமாராணி கூட ஆடும் இராமலட்சுமியிடம் பொருமினாள்.

"ஜனம் அதத்தானக்கா கேக்குது."

அணியின் முதலாளி பால்வண்ணநாதன் அண்ணாச்சி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். "அடுத்த வருஷத்துக்கு உங்க ரெண்டு பேர்ல ஒருத்திக்குத்தான் ஒப்பந்தம். கடைசி ஆட்டத்தப் பாத்துட்டுச் சொல்லுதேன்." உமாராணிக்கு முப்பத்திரண்டு முடிந்திருந்தது. இங்கே விட்டால் வேறு எந்த அணியும் எடுக்காது.

நாகர்கோவில் அணியோடு கடைசி ஆட்டம். தகரக் கொட்டகைக்குள் சாரல் அடித்தது. ஹுஸ்னா கையை நீட்டி நீட்டி, "அக்கா, இங்கன! இங்கன!" என்று கத்தினாள். உமாராணி காது கேளாதவள் போல ஆடினாள். எல்லோருக்கும் பந்து போனது, அவளுக்கு மட்டும் போகவில்லை. யாருக்கு எப்போது கொடுக்க வேண்டும் என்று தெரிந்தவளுக்கு, யாருக்குக் கொடுக்கக் கூடாது என்றும் தெரியாதா?

கடைசி ஆறு நொடி. இரண்டு புள்ளி பின்தங்கல். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே உமாராணி கையில் பந்து. இரண்டடி தள்ளி ஹுஸ்னா, தடுக்க ஆளில்லாமல். உமாராணி அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தானே எறிந்தாள். அங்கிருந்து அவள் எறிவது வாழ்நாளில் அதுதான் முதல் முறை.

மைக்கில் வர்ணனையாளர் முகம்மது சலீம். கோட்டுக்கு வெளியிலிருந்து பந்து கிளம்பினால் அது விழுவதற்கு முன்பே பெயரை இழுத்துக் கூவிவிடுவது அவர் வழக்கம். அங்கிருந்து எறிபவள் அணியில் ஒருத்திதானே! "ஹுஸ்னாஆஆ!" என்று கூவினார். பந்து வலைக்குள் இறங்கியது. வெற்றி. கொட்டகை மொத்தமும் எழுந்து ஹுஸ்னா, ஹுஸ்னா என்று குதித்தது.

ஹுஸ்னா ஓடிப்போய் மைக்கைப் பிடுங்கினாள்.

"எறிஞ்சது நான் இல்ல! உமாக்கா! அவங்களுக்குக் கை தட்டுங்க!"

பிறகு கைதட்டல் முன்னைவிட இரண்டு மடங்காக எழுந்தது. "எம்புட்டு நல்ல மனசு பாருலே அந்தப் புள்ளைக்கு!" என்று முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்தார். தட்டியது அத்தனையும் ஹுஸ்னாவுக்குத்தான். அவள் பேசாமல் நின்று பெயரைத் திருடியிருந்தால் உமாராணி வாய்நிறையத் திட்டியாவது ஆறியிருப்பாள். இப்போது அதற்கும் வழியில்லை. அந்த நல்ல மனசை அவள் மனதார வெறுத்தாள்.

பால்வண்ணநாதன் அண்ணாச்சி அவள் பக்கத்தில் வந்து நின்றார். அவர் கண்ணெல்லாம் மைக் பக்கமே இருந்தது.

"பாத்தியாம்மா உமா? இந்தப் புள்ளைய விடுததுக்கு எனக்கு எப்படி மனசு வரும், நீயே சொல்லு."