பச்சையப்பனின் இடது பக்கம்

மணவாள நகர் பக்கவாத மறுவாழ்வு மையத்தில் காலை ஷிப்ட் மேரிக்கு, மாலை ஷிப்ட் அன்புராஜுக்கு. உதவியாளர்கள் இருவருக்கும் பிசியோ சுமலதா மேடம் பயிற்சி கொடுத்தார். ஊத்துக்கோட்டைப் பக்கத்து விவசாயி பச்சையப்பனுக்கு, வாதம் வந்ததிலிருந்து இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மூளைக்கு மறந்துவிட்டது. கண் நன்றாகத்தான் தெரிகிறது. ஆனாலும் தோசையில் வலது பாதியை மட்டும் தின்றுவிட்டு இன்னொன்று கேட்பார். அதனால் தட்டு, தண்ணீர், மனைவி குப்பம்மாளின் நாற்காலி எல்லாமே இடது பக்கம் இருக்கட்டும், அவரை அந்தப் பக்கம் திரும்ப வைப்பதுதான் வைத்தியம் என்றார் மேடம். மேரி எல்லோருக்கும் முந்தித் தலையாட்டினாள்.

மறுநாளே அவள் கைராசி தெரிந்தது. மேரி ஷிப்டில் பச்சையப்பன் தட்டையும் பார்த்தார், குப்பம்மாளையும் பார்த்தார், நாற்று விட்டாச்சா என்று விசாரித்தார். சாயங்காலம் அன்புராஜ் வந்து நாற்காலியை எதிர்ப்பக்கம் தூக்கிப் போட்டதும் எல்லாம் போச்சு. குப்பம்மாள் காதருகே பேசினாலும், மனுஷன் வலது பக்கமே பார்த்து, "போன்லயே பேசிக்கினு கீறா பாரு. நேர்ல வரச் சொல்லு" என்பார்.

அன்புராஜுக்கு வேலை வரவில்லை என்று மேரி மையம் முழுக்கச் சொல்லிவிட்டாள். சாயங்காலம் களைப்பாக இருக்கும், மற்றபடி தேறிவிட்டார் என்று நம்பி, குப்பம்மாள் அவரை அழைத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்ப மூட்டை கட்டினாள்.

மேடத்துக்கு மட்டும் கணக்கு உதைத்தது. ஷிப்ட் மாறும் நேரத்தில் இருவரையும் பச்சையப்பன் கட்டிலருகே நிறுத்தி இடது பக்கத்தைக் காட்டச் சொன்னார். தலைமாட்டில் நின்ற அன்புராஜ் ஒரு பக்கம் கை நீட்டினான். கால்மாட்டில் நின்ற மேரி நேர் எதிர்ப்பக்கம் நீட்டினாள். மேடம் மேரியைப் பக்கத்துக் காலிக் கட்டிலில் படுக்க வைத்து, மறுபடி கேட்டார். மேரி தூக்கிய கை அன்புராஜ் காட்டிய பக்கமே இருந்தது. இத்தனை நாளும் அவள் வைத்தது தன் இடது பக்கம். பச்சையப்பனுக்கு அது வலது. அவர் தேறவே இல்லை.

மேரிக்கு முகம் செத்துப்போனது. மூட்டையோடு நின்ற குப்பம்மாளைப் பார்க்கவே முடியவில்லை.

"தப்பு என்னுதும்மா. இப்டியே ஊட்டுக்குப் போனா வாசக்கால்ல இடிச்சிக்கினு வுழுவாரு. இன்னும் கொஞ்ச நாள் குடு."

குப்பம்மாள் மூட்டையைக் கீழே வைத்தாள். அன்புராஜ் குத்திக்காட்டவில்லை, அதுவே பெரிய ஆச்சரியம். பச்சையப்பனின் இடது மணிக்கட்டில் சிவப்பு ரிப்பன் கட்டினான். இனி யார் எங்கே நின்றாலும் ரிப்பன் பக்கம்தான் இடது. ரிப்பனைத் தேடு நைனா, ரிப்பனைத் தேடு என்று மாறி மாறிச் சொல்லியே இருவருக்கும் தொண்டை கட்டிக்கொண்டது.

ஒருநாள் ஷிப்ட் மாறும் நேரம். வழக்கம்போல போனை வைக்கச் சொல்லு என்று ஆரம்பித்த பச்சையப்பன், ரிப்பனைத் தேடி மெள்ளத் தலையைத் திருப்பினார். முதலில் ரிப்பன், அப்புறம் மீதிப் பாதி தோசை, அதற்கும் அப்பால் குப்பம்மாள்.

"எப்ப வந்த?" என்றார்.

"இப்பதான். போன்லேர்ந்து எறங்கி வரேன்" என்றாள் குப்பம்மாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பச்சையப்பன் அதை அப்படியே நம்பினார். அவ்வளவு தூரம் வந்தவள் பசியோடு இருப்பாள் என்று, அந்தப் பாதி தோசையை அவள் பக்கம் தள்ளிவைத்தார்.