எண்ணாமல் விட்ட கோழிகள்

1974 சனவரி 17. பிழை: செத்த கோழிகளை மட்டுமே எழுதி வந்திருக்கிறேன். அறுத்தவற்றை எழுதவில்லை.

நஜ்முன் நிஸா பேனையை மூடியபோது, வாப்பா ஸைனுலாப்தீனின் மய்யித்தைக் குளிப்பாட்டத் தூக்கினார்கள். ஐந்து நாள் காய்ச்சல். கடைசியில் மூச்செடுக்க ஏலாமல் போனது.

கோழி தலையைத் தொங்கப்போட்டால் வாப்பா கத்தியோடு ஓடுவார். தானாகச் செத்தால் ஹராம். அதற்குமுன் அறுத்தால் கறி. அதனால் அவை நோயென்று குறிப்பேட்டில் ஏறவேயில்லை.

பிறகு பேனையைத் திறந்து அவற்றையும், கடைசியில் வாப்பாவின் பெயரையும் சேர்த்து எழுதினாள். குச்சவெளிக் களப்பில் பிடித்த காட்டுத்தாரா வாத்தை வாப்பா கோழிக்கூட்டில் விட்டது டிசம்பர் 24. முதல் கோழி ஒரு வாரம் தூங்கி வழிந்துவிட்டு எழும்பியது. அடுத்தவை நான்கு நாளில் சாய்ந்தன. பிறகு வந்தவை இரண்டே நாளில். நேற்றுக் காலையில் தீன் கொத்திய கோழி பகலுக்குள் விழுந்தது.

பின்னேரக் கோழிவளர்ப்பு வகுப்பில் குறிப்பேடு எழுதப் பழக்கிய இராசதுரை மாஸ்டர் சொல்லியிருந்தார்: "காட்டுத்தாராவில நோய்க்கிருமி சும்மா கிடக்கும். நெருங்கின கூட்டில கோழிக்குக் கோழி தாவேக்க தன்னைத் தானே பிழையாப் படியெடுக்கும். அந்தப் பிழையில ஒண்டு பொல்லாததாப் போகும்."

தான் அதைச் சரியாக எழுதினாளா என்று அவளுக்கு நிச்சயமில்லை.

குசினிக்குள் அவள் அண்ணன் ஸஹாப்தீன் கத்தி தேடினான்.

"காக்கா, வாப்பாட கத்தச் சாப்பாட்டுக்கு எண்டு மிச்சக் கோழியை அறுக்காதீங்க. நோய் மாறி மாறி வருது. வாப்பாவும் அறுத்துத்தான்..."

"கோழி உன்னட்ட வந்து கதைச்சதோ? நல்ல வகுப்புத்தான்."

"வாயை மூடு புள்ள," என்றாள் உம்மா. "மார்ச்சளி எண்டு டாக்குத்தரே சொன்னவர்."

"வாப்பா படுத்த நாள்முதல் நான்தானே அறுக்கிறன்," என்றான் ஸஹாப்தீன். "இண்டைக்கும் ரெண்டு. ஒண்டுதான் மிச்சம்."

அவன் முழங்கையில் ஒரு சிறிய இறகு ஒட்டியிருந்தது.

அஸர் தொழுகைக்குப் பின் ஆண்கள் ஜனாஸாவைக் கொண்டுபோனார்கள். அவள் கூட்டருகே போனாள். கொக்கரிப்பே இல்லை. கடைசிக் கோழி கறுத்த கொண்டையோடு கிடந்தது. அதைச் சுற்றிச் சிந்திய தீனைத் தாரா பொறுக்கித் தின்றது, சிறகு பளபளத்தது. தலையைச் சரித்து அவளைப் பார்த்தது. பிறகு மீண்டும் தின்றது.

மையவாடியிலிருந்து திரும்பிய ஸஹாப்தீன் கதிரையில் அமர்ந்து, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டினான்.

"குளிருது. கொஞ்சம் சுடுதண்ணி தா, தங்கச்சி."

வெளியே வெயில் இன்னும் தணியவில்லை. கொடுத்துவிட்டுக் குறிப்பேட்டைத் திறந்தாள். வாப்பாவின் பெயருக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டாள்.

நாளை: காலை ஆறு மணிக்குக் காக்காவின் காய்ச்சலை அளந்து எழுத வேண்டும்.