முன்பல் சந்து

நெவியாவின் மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து இருந்தது. சின்னச் சந்துதான். ஆனால் ரியேக்கா என்கிற அந்தத் துறைமுக ஊரில் அதைக் கிண்டல் செய்யாத சொந்தக்காரர் ஒருத்தர்கூடக் கிடையாது. "அந்தச் சந்துக்குள்ள டவுன் பஸ்ஸே திரும்பும்டி" என்று பெரியப்பா ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் கருவாட்டுக் கூட்டை வாயில் அடக்கிக்கொண்டே சொல்லுவார். எல்லாரும் சிரிப்பார்கள். நெவியாவும் கையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். அவள் வாயை மூடுவதைப் பார்த்துப் பார்த்து, பாவம், அந்தப் பல் அவளுக்குப் பெரிய மனக்குறை என்று குடும்பமே முடிவு கட்டிவிட்டது. அவளும் இல்லையென்று யாரிடமும் சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அவள் பிழைப்பே அந்தச் சந்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. நெவியா கொம்பு வாசிப்பவள். வட்டமாகச் சுருட்டி வைத்த பித்தளைக் குழாய், ஒரு பக்கம் பெரிய வாய், மறுபக்கம் ஒரு காசு அகலத்துக்கு ஊதுவாய். ஊதுகிற காற்று ஒரு இழை தடம் மாறினாலும் சுரம் இரண்டாகப் பிளந்து மானத்தை வாங்கிவிடும். அவளுக்குப் பிளக்காது; அந்தச் சந்து காற்றைத் தடம் மாறாமல் விடும். பதினைந்து வயதில் முதல் தடவை ஊதியபோதே அவளுடைய வாத்தியார் அவள் வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் பல்லை எவன்கிட்டயும் காட்டாதே, இது உன் சொத்து" என்றாராம். அதற்கப்புறம் தியேட்டர் இசைக்குழுவில் சம்பள வேலை, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வகுப்பு, கல்யாணம், கருமாதி என்று எங்கே கூப்பிட்டாலும் போய் ஊதினாள்.

ஆனால் அவள் உயிர் இருந்தது ஐந்து பேர் கொண்ட குழுவில். புல்லாங்குழல், சீவாளி வைத்து ஊதும் ஓபோ, கிளாரினெட், ஆளுயர மரக்குழல் பசூன், கொம்பு. முன்னால் நின்று கையை ஆட்டுகிற நடத்துநர் எல்லாம் கிடையாது. ஒருத்தர் மூச்சிழுப்பதை மற்ற நான்கு பேர் காதால் பிடித்துக்கொண்டு தொடங்க வேண்டும். பதினைந்து வருஷமாகக் கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் சேர்ந்தே ஊதினார்கள். இந்தக் குளிர்காலத்தில்தான் அதிர்ஷ்டம் கண் திறந்தது. ஆளுநர் மாளிகையில் அவர்கள் வாசிப்பதைக் கேட்க வியன்னாவிலிருந்து ஒரு இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் ஒலிப்பதிவு, வெளிநாட்டுக் கச்சேரிகள் எல்லாம் உண்டு. குழுவின் பசூன்காரன் லிவியோ அதற்கென்றே புதிதாக ஒன்று எழுதினான். அரங்கம் அமைதியாக இருக்கும்போது கொம்பு மட்டும் தனியாக, மெதுவாக, உச்சத்தில் தொடங்கும். வேறு யாருக்காக எழுதுவான்? நெவியாவை நினைத்து எழுதியது.

கச்சேரிக்கு முந்தின வாரம் மத்தியானச் சாப்பாட்டில் ஆலிவ் கொட்டை ஒன்று கடிபட்டு, இடது முன்பல்லின் மூலை உடைந்துபோயிற்று.

இதற்கெல்லாம் அவள் பயப்படவில்லை. தங்கை டோரிஸ் பல் டாக்டர். அதுவும் சாதாரண டாக்டர் இல்லை. இத்தாலியிலிருந்து பல்லுக்காகவே வண்டி கட்டிக்கொண்டு வந்து அவளுடைய கிளினிக் வாசலில் காத்துக் கிடக்கிறார்கள். அவர்கள் எல்லாரையும் தள்ளி வைத்துவிட்டு அக்காவை நாற்காலியில் உட்காரவைத்தாள். வேறொரு டாக்டராக இருந்திருந்தால் நெவியா, 'உடைந்த மூலையை ஒட்டு, வேறெதையும் தொடாதே, நான் கொம்பு வாசிக்கிறவள்' என்று மூன்று தடவை சொல்லியிருப்பாள். சொந்தத் தங்கையிடம் என்னத்தைச் சொல்வது? டோரிஸ் மரத்துப்போக ஊசி போட்டாள். நெவியா கண்ணை மூடிக்கொண்டு லிவியோவின் மெட்டை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

கண்ணைத் திறந்தபோது டோரிஸ் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகமூடிக்கு மேலே கண் கலங்கியிருந்தது.

"பாருக்கா."

நெவியா பார்த்தாள். இரண்டு பல்லும் முத்துமாதிரி ஒட்டி நின்றன. சந்தைக் காணோம்.

"சொன்னேனா இல்லையா? எனக்கு ஆறு வயசு. நீ குளியலறைக் கண்ணாடி முன்னால நின்னு அழுதே, இதை யாராவது அடைச்சாப் போதும்னு. நான் பெரியவளாகி அடைச்சுத் தர்றேன்னு சொன்னேன். நீ மறந்திருப்பே. நான் மறக்கலை. எதுக்கு நான் பல் படிப்புப் படிச்சேன்னு நினைக்கிறே?"

நெவியாவுக்கு வாய் மரத்திருந்தது. அதுவும் ஒரு விதத்தில் நல்லதுதான். காற்று போகிற வழியே அடைந்துபோயிற்று. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து என்னத்தைச் சொல்ல முடியும்? தங்கையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். மரப்புப் போனதும் எல்லாம் பழகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, குளிர்காற்று முகத்தில் அறைய வீட்டுக்கு நடந்தாள்.

பழகவில்லை. கீழ்ச் சுரங்கள் வந்தன. நடுவில் ஒன்றிரண்டு வந்தன. மேலே போனால் காற்று சுவரில் முட்டுகிற மாதிரி முட்டி, சுரம் பிளந்து, ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. உதட்டை ஒரு மயிரிழை இடப்பக்கம் நகர்த்தினாள், வலப்பக்கம் நகர்த்தினாள். எங்கே வைப்பது என்று உதட்டுக்கே தெரியவில்லை. இருபத்தைந்து வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு நடந்த வீட்டில் யாரோ கதவை மாற்றி வைத்துவிட்டார்கள். கதவு எங்கே என்று கேட்டால் வீட்டுக்காரர்கள் எல்லாரும், அடடா, வீடு எவ்வளவு அழகாக இருக்கிறது என்கிறார்கள். அம்மா போனில் சொன்னாள்: "இப்பத்தான்டி நீ பொண்ணு மாதிரி இருக்கே. டோரிஸ் போட்டோ அனுப்பினா."

இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். மூன்றாம் நாள் கொம்பையே தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள்.

விஷயத்தைக் கேட்டதும் டோரிஸ் முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா... நீ ஏன் சொல்லலை? இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை?"

"சொல்லணும்னு தோணலைடி. அந்தச் சந்து எங்க போகப்போகுதுன்னு நினைச்சேன்."

"சரி, விடு. அது வெறும் பூச்சுதான். சுரண்டினாப் பழையபடி ஆயிடும். உட்காரு."

இப்படி ஒரு கூத்தை அந்தக் கிளினிக் அதுவரை பார்த்ததில்லை. நெவியா நாற்காலியில் சாய்ந்தபடி மடியில் கொம்பை வைத்துக்கொண்டிருந்தாள். டோரிஸ் ஒரு இழை சுரண்டினாள். நெவியா எழுந்து உட்கார்ந்து ஊதினாள். பிளந்தது. மறுபடி படுத்தாள். இன்னொரு இழை. மறுபடி பிளந்தது. வெளியே காத்திருந்த இத்தாலியப் பாட்டிமார்கள், பல்லைப் பிடுங்கினால் இப்படியா கத்துவார்கள் என்று மிரண்டார்கள்; ஒருத்தி பையை எடுத்துக்கொண்டு கிளம்பியே விட்டாள். இன்னொரு நாளாக இருந்திருந்தால் அக்காளும் தங்கையும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

பூச்சு போனது. சந்து திறந்தது. ஆனால் பழைய சந்து இல்லை. பூச்சு பிடிக்க வேண்டும் என்பதற்காக உடைந்த பல்லை டோரிஸ் அன்றைக்கே கொஞ்சம் ராவியிருந்தாள். பழைய பல் எப்படி இருந்தது என்று பார்க்க ஒரு அச்சுகூடக் கிடையாது. ஊதுகிறவர்கள் பல்லுக்கு அச்சு எடுத்துப் பீரோவில் வைத்துக்கொள்வார்கள். ஓபோ வாசிக்கிற க்செனியா வருஷாவருஷம் அதைச் சொல்லித் திட்டுவாள். நெவியாதான், அடுத்த மாசம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டே வந்தாள்.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். பூசுவதும் சுரண்டுவதும், சுரண்டுவதும் பூசுவதும். சுரம் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் மோசமாயிற்று. அதைவிட மோசம் என்னவென்றால், டோரிஸுக்கு வித்தியாசமே தெரியவில்லை. "இப்ப நல்லா வந்துச்சே? இப்ப வரலையா?" என்று ஒவ்வொரு முறையும் பச்சைப்பிள்ளை மாதிரி கேட்டாள். கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. நடுங்குகிற கையால் வேறு யார் வாயில் எப்படி வேலை செய்வாள்? கடைசியில் கருவியைத் தட்டில் போட்டுவிட்டு, கையுறையோடு முகத்தை மூடிக்கொண்டு தேம்பினாள்.

"உன் வாழ்க்கையையே கெடுத்துட்டேன்க்கா. நானே என் கையால..."

நெவியா எழுந்து அவள் கையை முகத்திலிருந்து எடுத்தாள். இந்தக் கண்ணீர் யாருக்கு என்ன செய்யும்? தன் பல்தான் போயிற்று, இவள் கையுமா போக வேண்டும்?

"அழாதே. பழையபடி மூடிடு. முதல் நாள் பண்ணினியே, அதே மாதிரி. அதுலதான் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டுது."

டோரிஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பூசி, இழைத்து, மெருகேற்றினாள். முன்னைவிட அழகாக வந்தது. நெவியா கொம்பை எடுத்து, எந்தக் காலத்திலும் எவருக்கும் தவறாத நடுச் சுரம் ஒன்றை நீளமாக ஊதினாள்.

"வந்துடுச்சு!" என்றாள்.

"நிஜமா?"

"நிஜமாத்தான்டி. கேட்கலை?"

டோரிஸ் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

ஒத்திகைக்குப் போனபோது நான்கு பேருக்கும் இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. மற்றவர்களை ஏமாற்றலாம், பதினைந்து வருஷம் தன் மூச்சைக் கேட்டவர்களை எப்படி ஏமாற்றுவது? நெவியா மெட்டைத் தொடங்கினாள். மூன்றாவது சுரம் பிளந்தது. புல்லாங்குழல்காரர் ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்தைப் பார்த்தார். க்செனியா, வாயைத் திறந்தால் ஊரையே திட்டித் தீர்க்கிற க்செனியா, அச்சைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நெவியாவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

"திட்டேன்டி" என்றாள்.

"என்னத்தைத் திட்டறது?" என்று க்செனியா தன் ஓபோவின் சீவாளியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"லிவியோ, லுப்லியானாவுல கொம்பு ஊதற அந்தப் பையன் இருக்கானே, தீலென், அவனைக் கூப்பிடு. என் பங்கை அவன் வாசிக்கட்டும்."

"நேத்தே கூப்பிட்டுட்டேன்" என்றான் லிவியோ. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"நேத்தா? நேத்து நான் உன்கிட்ட ஒண்ணும் சொல்லலையே?"

"க்செனியா உன் வீட்டுக்கு வந்தப்ப வாசல்லயே நீ சாதகம் பண்றது கேட்டிருக்கு. படியேறாமத் திரும்பிட்டா." அவன் தரையைப் பார்த்தான். "பையனுக்கு அன்னிக்கு வேற கச்சேரி. அதுக்கு அடுத்த வாரத்துலேர்ந்துதான் வருவானாம்."

அடுத்த வாரத்திலிருந்து. கச்சேரிக்கு அப்புறம் எதற்கு அவன் வர வேண்டும் என்று நெவியா கேட்கவில்லை.

லிவியோ ஒரு வழி சொன்னான். பசூனின் மேல் குரல் கொம்புக்குத் தூரத்துச் சொந்தம். பழைய காலத்தில் கொம்பு கிடைக்காத ஊர்களில் பசூனே அதன் பங்கையும் வாசித்திருக்கிறது. தொடக்கத்தை அவன் வாசிப்பான். ஐந்து பேரும் அரை இருட்டில் நெருக்கி உட்காருவார்கள். நெவியா கொம்பை உதட்டில் வைத்துக்கொண்டால் போதும். நடுவில் வருகிற தாழ்ந்த சுரங்களை மட்டும் அவள் ஊதட்டும். குழு பிழைக்கும்.

"பிழைக்கட்டும்" என்றாள் நெவியா. வேறென்ன சொல்வாள்? அவளால் குழுவின் பதினைந்து வருஷம் வீணாகக் கூடாது. லிவியோ திருத்தி எழுதிய தாளைக் கொடுத்தபோது அவன் விரல்கள் அவள் விரல்களைத் தொட்டு ஒரு கணம் நின்றன.

கச்சேரி அன்று மாளிகை நிரம்பி வழிந்தது. முதல் வரிசையில் டோரிஸ் புது உடுப்போடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அம்மா. விளக்கு தணிந்தது. நெவியா கொம்பைத் தூக்கி உதட்டில் வைத்தாள். வழக்கம்போல மூச்சிழுத்தாள். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் லிவியோ தொடங்கினான். அது ஒன்றுதான் அவளுக்கு மிச்சம். அவளுக்காகவே எழுதிய மெட்டு பக்கத்து நாற்காலியிலிருந்து எழுந்து அரங்கம் முழுக்கப் பரவியது. அவள் விரல்கள் பித்தளைச் சாவிகளை ஒவ்வொன்றாகச் சரியாக அழுத்தின. இழுத்த மூச்சை எங்கே விடுவது என்று தெரியாமல் நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாள். டோரிஸ் கண்ணை மூடி, கன்னத்தில் நீர் வழியக் கேட்டுக்கொண்டிருந்தது இருட்டிலும் தெரிந்தது.

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. மேடைக்குப் பின்னால் வியன்னாக்காரர் லிண்ட்னர் வந்தார். நரைத்த, ஒல்லியான மனுஷர். ஒவ்வொருவராகக் கை குலுக்கினார். புல்லாங்குழல்காரரிடம் மூச்சைப் பற்றி ஏதோ வியந்தார். க்செனியாவிடம் அவளுடைய ஒரு சுரத்தைப் பாடியே காட்டினார். கிளாரினெட்காரர் தோளைத் தட்டினார். லிவியோவின் கையை இரண்டு கையாலும் பிடித்து, "அந்தத் தொடக்கம்!" என்று மட்டும் சொல்லி, வெகுநேரம் விடவில்லை. அப்புறம் நெவியாவிடம் வந்தார். அவர் கண் அவள் உதட்டுக்குப் போய், அவள் கையிலிருந்த கொம்புக்குப் போய், மறுபடி முகத்துக்கு வந்தது. கெட்ட மனுஷர் இல்லை. எதையாவது சொல்லியாக வேண்டுமே என்று தேடினார்.

"உங்க சிரிப்பு ரொம்ப அழகா இருக்கு, அம்மா" என்றார்.

பின்னால் வந்து நின்ற டோரிஸ் கூட்டத்தை இடித்துக்கொண்டு பாய்ந்து அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"கேட்டியாக்கா? கேட்டியா? ஐயா, அது நான் பண்ணினது! இந்தக் கையால!"

நெவியா சிரித்துக்கொண்டே நின்றாள்.