முதுகை மூடிய அங்கிகள்

நாலு மணிக்கு டீ மணி அடித்ததும் முப்பது மெஷினும் ஒரே நேரத்தில் நின்றன. வெட்டு மேசையருகே நின்றிருந்த கத்திரியக்காவுக்கு அந்த அமைதி இன்றைக்கும் பிடிப்பதில்லை. கையில் கத்திரிக்கோல் இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு, அதனால் வந்த பெயர். ஐம்பத்தைந்து வயதாகிறது, கண்ணாடி போடாமல் சாக்பீஸ் கோடு தெரிவதில்லை. இவ்வளவு பெரிய கூடம், தலைக்குத் தலை மின்விசிறி, எல்லாம் வந்துவிட்டது. மனசு மட்டும் டீ நேரத்தில் அந்தப் பழைய ஒற்றை அறைக்கு ஓடிவிடும். அங்கே எல்லா மெஷினும் ஒன்றாக நின்றதே கிடையாது. ஒருத்தி எழுந்து போனால் இன்னொருத்தி நூல் கோக்காத வெறும் ஊசியையாவது ஓட்டிக்கொண்டிருப்பாள். பேசிவைத்துச் செய்ததல்ல. சத்தம் நின்றால் வெளியே நடக்கிறவர்களின் காலடி கேட்கும், அவ்வளவுதான் விஷயம்.

அந்த அறை ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்தது. படியேறும்போதே கிரீஸ் வாசனை மூக்கைத் துளைக்கும். ஜன்னலின் ஒரு கண்ணாடி உடைந்து அந்த இடத்தில் அட்டை ஒட்டியிருக்கும். நாலு மெஷின், ஒரு வெட்டு மேசை, ஐந்து பெண்கள். கத்திரியக்கா, பேச்சை நிறுத்தத் தெரியாத வாயாடி, பேசவே யோசிக்கும் நெட்டை, எப்போதும் ஒட்டிக்கொண்டே திரியும் அக்கா தங்கை இருவர். சண்டை நடந்த வருஷங்களில் சிப்பாய்கள் கையில் சிக்கியவர்கள் ஐந்து பேரும். அப்படிப்பட்டவளைச் சொல்ல ஊரிடம் ஒரு சொல் இருந்தது: கெட்டுப்போனவள். கெடுத்தவனுக்கு மட்டும் எந்த ஊரும் ஒரு சொல் வைக்கவில்லை. அவன் சீருடையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பென்ஷன் வாங்கிக்கொண்டு சௌக்கியமாகத்தான் இருப்பான், நாசமாய்ப் போக.

அந்த ஐந்து பேரையும் ஒவ்வொருத்தியாகத் தேடிப் பிடித்து, தைக்கக் கற்றுக்கொடுத்து, ஓர் அமைப்பிடம் மல்லுக்கட்டி மெஷின் வாங்கி, வாடகைக்கும் வழி பண்ணியவர் டீச்சரம்மா. பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பார்த்தால் பூனை மாதிரி இருப்பார், வாய் திறந்தால் படிக்கட்டு அதிரும். அவர் ஒருநாளும் எவளிடமும் என்ன நடந்தது என்று கேட்டதில்லை. “காஜா ஏன் கோணலா இருக்கு?” என்றுதான் கேட்பார். அந்தக் கேள்விக்காகவே அவர் காலில் விழலாம் என்று கத்திரியக்காவுக்குத் தோன்றியதுண்டு.

அப்போது அவள் தம்பி வீட்டில் இருந்தாள். தம்பி தங்கமானவன். அவன் பெண்டாட்டியும் கெட்டவளில்லை, சும்மா சொல்லக்கூடாது. ஆனால் விருந்தாளி வந்தால், “அண்ணி, நீங்க கொஞ்சம் உள்ள இருங்களேன்” என்பாள். உள்ளே என்றால் எங்கே? அவள் படுப்பது சமையலறைக்குப் போகிற நடையில். இரண்டு பக்கமும் திறந்த இடம், கதவே கிடையாது. விடிய விடிய யாராவது தண்ணீர் குடிக்க அவளைத் தாண்டிப் போவார்கள். ஒவ்வொரு தடவையும் தூக்கிவாரிப் போடும். இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியறை காலியாக இருந்தது. போய்ப் பார்த்தபோது வீட்டுக்காரம்மா தண்ணீர் வசதி, காற்று வசதி என்று அடுக்கிக்கொண்டே போனார். இவள் ஒன்றையும் காதில் வாங்கவில்லை. கதவின் உள்பக்கம் பெரிய இரும்புத் தாழ்ப்பாள் இருந்தது. அதைப் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். வெளியே வீட்டுக்காரம்மா, “ஏம்மா, உள்ள என்னதான் பண்ற?” என்று கதவைத் தட்டும்வரை போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த மாடியறை கைக்கு வருவது ஓர் ஆஸ்பத்திரி ஆர்டரைப் பொறுத்து இருந்தது. அமைப்பு இனி தையலறைக்கு வாடகை தராது, அந்த மாதத்தோடு சரி என்று கடிதம் வந்துவிட்டது. டீச்சரம்மா அலையாய் அலைந்து பெரிய ஆஸ்பத்திரியில் பேசி இருநூறு நோயாளி அங்கிகளுக்கு ஆர்டர் வாங்கினார். சரியாகத் தைத்துக் கொடுத்தால் வருஷம் முழுக்க அங்கியும் படுக்கை உறையும் இவர்களுக்குத்தான். கோட்டைவிட்டால் மெஷின்களை மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து அவர் மகளுக்குப் பிரசவ வலி. “சேம்பிள் தொங்குது பாருங்க. அதப் பாத்து அப்படியே தைங்க. புதுசா யோசிக்கிறேன்னு யாரும் மூளைய பயன்படுத்திடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

அந்தப் பத்து நாளை நினைத்தால் இப்போதும் கத்திரியக்காவுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். வெளிறிய நீலத் துணி, ரோல் ரோலாக வந்து இறங்கியது. பிரித்துப் போட்டால் அறை முழுக்கப் புதுக் கஞ்சி வாசனை. “என் கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ துணி எடுக்கலடி” என்றாள் வாயாடி. அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. அதைச் சொல்லி நெட்டை, அபூர்வமாக வாயைத் திறந்து, மானத்தை வாங்கினாள். அக்காவும் தங்கையும் சிரித்துச் சிரித்துப் பாபினைக் கீழே விட்டார்கள். சிரிப்பு என்ற ஒன்று இன்னும் தனக்குள் மிச்சம் இருக்கிறதென்று கத்திரியக்கா கண்டுகொண்டது அந்த வாரம்தான்.

ஒன்பதாம் நாள் துணி தீர்ந்தது. எண்ணிப் பார்த்தால் நூற்று எழுபது அங்கிதான். கத்திரியக்காவுக்கு வந்ததே கோபம். நேரே துணிக் கடைக்குப் போய், ஆண்களிடம் தலை நிமிராத அவள், “முப்பது அங்கித் துணிய முழுங்கிட்டீங்களேய்யா” என்று கத்தினாள். கடைக்காரர் பில்லைக் காட்டினார், சத்தியம் பண்ணினார். அவள் நம்பவில்லை. அன்று மாலையே டீச்சரம்மாவின் போன் வந்தது: இருக்கிற வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மீதிக்குத் தவணை கேளுங்கள்.

எந்த ஆபீசுக்கும் அவர்கள் தனியாகப் போனதில்லை. ஐந்து பேருமாக, மூட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார்கள். ஆஸ்பத்திரி ஸ்டோர் அறை ஒரு நீள வராந்தாவின் தொடக்கத்தில் இருந்தது. பெஞ்சுகளில் நோயாளிகள் வரிசையாகக் காத்திருந்தார்கள். ஸ்டோர்க்காரர் நல்ல தொந்தியும் நல்ல சிரிப்புமாக வரவேற்றார். தையலைத் தடவிப் பார்த்து, “அடேயப்பா, பெரிய கம்பெனிக்காரன்கூட இப்படித் தைக்க மாட்டான்” என்றார். பிறகு ஓர் அங்கியை மேசையில் கவிழ்த்து விரித்தார். சிரிப்பு போய்விட்டது.

“ஏம்மா, என்ன இது?”

தன்னிடமிருந்த சேம்பிளையும் பக்கத்தில் விரித்தார். சேம்பிளில் முதுகுப்பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரு சாண் திறந்து கிடந்தது, கழுத்திலும் நடுவிலும் இரண்டே நாடா. இவர்கள் தைத்ததில் இரண்டு பக்கமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூடியிருந்தது. இன்னொன்றை விரித்தார். அதுவும் மூடியிருந்தது. அதில் தொடைவரை நாலு நாடா. அடுத்ததில் ஐந்து.

“யாரு இப்படித் தைக்கச் சொன்னது?”

யாரும் சொல்லவில்லை. அதுதான் உண்மை. கத்திரியக்கா தன் கையைப் பார்த்தாள். அளவு அட்டையை வைத்துத்தான் கோடு போட்டாள். ஆனால் முதுகுத் துண்டு வரும்போதெல்லாம் கத்திரி கோட்டை விட்டு ஒரு சாண் தள்ளியே போயிருக்கிறது, நூற்று எழுபது தடவை. அவளுக்குத் தெரியவே இல்லை. பாவம் அந்தத் துணிக் கடைக்காரர். வாயாடி நெட்டையைப் பார்த்தாள், நெட்டை அக்காவையும் தங்கையையும் பார்த்தாள். கீழே ஒரு நாடா, அதற்கும் கீழே இன்னொன்று என்று ஒவ்வொருத்தியும் தான் மட்டும் சேர்த்ததாக நினைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. தையலறையில் ஆணியில் தொங்கிய சேம்பிளின் முதுகைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டியது யார் என்று இன்றுவரை தெரியாது.

“பின்னாடி திறந்திருந்தாத்தாம்மா டாக்டர் பாக்க முடியும். எல்லாத்தையும் பிரிச்சுத் தைச்சுட்டு வாங்க. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்.” அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

“நாடாவ அவுத்தா திறக்கும் சார்” என்று ஒரு குரல் கேட்டது. தன் குரல்தான் என்று கத்திரியக்காவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

“ஆர்டர் என்னவோ அதத்தாம்மா நான் வாங்க முடியும்.”

இரும்புத் தாழ்ப்பாள் அவள் கண்முன்னால் வந்தது. பிரித்துத் தைக்கிறோம் சார் என்று சொல்லிவிட்டால் போதும், நாலு நாள் வேலை. சொல்லத்தான் வாயைத் திறந்தாள். மற்ற நாலு பேரும் மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி நின்றிருந்தார்கள், குழந்தையைப் பிடுங்க வந்த மாதிரி. பார்த்ததும் அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

“பிரிச்சுத் தர்றோம் சார். நீங்க சொன்னபடி செய்றோம். ஆனா அதுக்கு முன்னாடி, இந்த சேம்பிள நீங்க ஒருதரம் போட்டுக்கிட்டு, இந்த வராந்தா கடைசி வரைக்கும் நடந்துட்டு வரணும்.”

ஸ்டோர்க்காரர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். மருந்துப் பெட்டி வாங்க வந்து நின்ற பெரிய நர்ஸ் களுக்கென்று சிரித்தார். “போட்டுத்தான் பாருங்களேன் சார். முப்பது வருஷமா ஊருக்கெல்லாம் குடுக்கறீங்க.”

“சட்டை பேன்ட்டுக்கு மேலதானே? அதுக்கென்ன” என்று அவர் எழுந்தார். பெரிய நர்ஸ் பின்னால் போய் இரண்டு நாடாவையும் கட்டிவிட்டார். அவர் இரண்டு கையையும் விரித்து மேடையில் நிற்பவர் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். நர்ஸ் கைதட்டினார். வாயாடி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியே வராந்தாவில் இறங்கினார்.

முதல் பத்தடி ஜோராகத்தான் நடந்தார், தெரிந்தவர்களுக்குக் கைகூட அசைத்தார். பெஞ்சில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். அவர் தாண்டிப் போனதும் யாரோ பின்னாலிருந்து சிரித்தார்கள். பெரிய சிரிப்பில்லை. அவர் திரும்பவில்லை. வேகம் மட்டும் குறைந்தது. பிறகு அவருடைய வலது கை, அவருக்கே தெரியாமல், மெல்லப் பின்னால் போயிற்று. உள்ளே சட்டை இருக்கிறது, பேன்ட் இருக்கிறது, பெல்ட்டுகூட இருக்கிறது. கை அதையெல்லாம் கேட்கவில்லை. திறந்து கிடந்த இரண்டு ஓரங்களையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தது.

ஸ்டோர் வாசலில் ஐந்து பெண்களும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. வராந்தாவின் கடைசிவரை அவர் போனார். திரும்பி வரும்போது நடுவில் வரவில்லை, சுவரை ஒட்டி, முதுகைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் அடிமேல் அடி வைத்து வந்தார். அந்தக் கை இன்னும் பின்னால்தான் இருந்தது.