மழையில்லாத ஊரில் ஒழுகிய கேரவன்

ஒரு மேகம்கூட எட்டிப் பார்க்காத அரிசோனா பாலைவனத்தில், வெண்டலும் மேவிஸும் குடியிருந்த கேரவனின் கூரை மட்டும் ஓயாமல் ஒழுகியது. கட்டிலுக்கு மேலே ஒழுகியது ஒரிகன் மழை. அதில் பைன் மர வாசம் அடிக்கும், சில நேரம் ஊசியிலையும் சேர்ந்து விழும். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே லூசியானா மழை, வெதுவெதுப்பாக, எப்போதாவது ஒரு குட்டித் தவளையோடு. கழிப்பறைக்குள் ஒஹாயோவின் ஆலங்கட்டி. அவசரத்துக்கு உள்ளே போகிறவர்கள் தொப்பி மாட்டிக்கொண்டு போனார்கள். மேவிஸ் ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பாத்திரம் வைத்திருந்தாள். எந்த மாநிலம் நிரம்பிவிட்டது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள்.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. மகள் ராண்டா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் வாங்கிய வண்டி அது. மழை பெய்யும் ஊரில் கூட்டம் இருக்காது என்பது வெண்டலின் கணக்கு. ஆகவே ஒவ்வொரு விடுமுறைக்கும் மழையைத் தேடிப் போய் அதன் அடியில் வண்டியை நிறுத்தினான். கேரவன் கூரையைச் சில வருடங்களுக்கு ஒருமுறை சுரண்டிக் கழுவி வெள்ளைப் பூச்சு கொடுக்க வேண்டும் என்பது வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். வெண்டலுக்கும் தெரியும். அடுத்த வருடம் செய்யலாம் என்று முப்பது வருடம் சொன்னான். கூரை அத்தனை மழையையும் குடித்துக்கொண்டது. இப்போது வெளியே விட ஆரம்பித்துவிட்டது. "வயசானா யாருக்குத்தான் அடக்க முடியுது?" என்றான் வெண்டல். இந்த விஷயத்தில் அவன் பேச்சுக்கு மதிப்பு இருந்தது.

ராண்டாவுக்கு இதில் சிரிப்பு வரவில்லை. ஒஹாயோவிலிருந்து போன் செய்தாள். "நவம்பர் கடைசில நன்றி நாள் லீவுக்கு வரேன்மா. உள்ள வந்து நிப்பேன். ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு என் தலையில விழுந்தாலும் வண்டிய வித்துடறோம். ரெண்டு பேரும் எங்க வீட்டுக்கு வந்துடணும். கீழ் ரூம் ரெடியா இருக்கு." அந்தக் கீழ் அறையை மேவிஸுக்குத் தெரியும். ஒரு கோடை முழுக்க அங்கே இருந்திருக்கிறாள். பாதி பூமிக்குள் இருக்கும் அறை, வெண்ணெய் நிறக் கம்பளம், மேலே ஒரு சின்ன ஜன்னல். அதில் பக்கத்து வீட்டுக்காரர்களின் கணுக்காலும் புல்வெட்டும் இயந்திரத்தின் சக்கரமும் தெரியும். வண்டிக் கண்ணாடி நிறைய மலையைப் பார்த்துக்கொண்டே ஊர் ஊராகப் போனவள், மூன்று மாதம் கணுக்கால் பார்த்தாள். ஒவ்வொரு கணுக்காலும் யாருடையது என்றுகூடக் கடைசியில் தெரிந்துபோனது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அன்றைக்கே வெண்டலைக் கடைக்கு அனுப்பி, வெள்ளைப் பூச்சு வாளிகளை வாங்கிவரச் சொன்னாள்.

அவர்கள் வண்டி நின்ற வறட்டோடை கேரவன் முகாமில் ஒருவன் தன் கூரைமேல் ஏறினால் மற்றவர்கள் மடக்கு நாற்காலியோடு வந்துவிடுவார்கள். குளிர் மாநிலங்களிலிருந்து வெயில் காய வந்த ஓய்வுக்காரர்கள், அவர்களுக்கு வேறு நாடகம் கிடையாது. ஆளுக்கொரு பீர், ஆளுக்கொரு யோசனை. முகாமில் சிலிக்கான் பூச்சுக் கட்சி, அக்ரிலிக் பூச்சுக் கட்சி என்று இரண்டு உண்டு. ஒரு கட்சியின் அடுப்பில் வாட்டிய கறியை மற்றக் கட்சி தொடாது. சிலிக்கான் கட்சியின் தலைவர் மின்னசோட்டாக்காரர் ஆர்னே. அக்ரிலிக் கட்சிக்கு கிளாடிஸ் என்ற விதவை. வெண்டல் அக்ரிலிக் வாங்கியிருந்ததால் ஆர்னே முன்வரிசையில் உட்கார்ந்தார்.

குறை சொல்ல முடியாதபடி வேலை தொடங்கியது. காற்றுப்போக்கிகளைச் சுற்றி வெடித்துக் கிடந்த பழைய பசையை வெண்டல் சுரண்டி எடுத்தான். சோப்பு போட்டுத் தேய்த்தான், காயவிட்டான், மூட்டுகளில் டேப் ஒட்டினான், ஆணித் தலைகளுக்குப் புதுப் பசை வைத்தான். "பரவால்லையே, மனுஷன் பொறந்ததுலேர்ந்து கூரையிலயே இருந்த மாதிரில்ல செய்றான்!" என்றாள் கிளாடிஸ். அந்தப் பாராட்டுதான் காரியத்தைக் கெடுத்தது. ஏணி வண்டியின் பின்புறம் இருந்தது. நிழலும் நாற்காலிகளும் முன்புறம் இருந்தன. முன்னால் தொடங்கி ஏணியை நோக்கிப் பூசிக்கொண்டு வருவதுதான் முறை. வெண்டலோ ரசிகர்களுக்கு நேராக வந்து முடிக்க வேண்டும் என்று ஏணிப் பக்கத்திலிருந்து ரோலரை உருட்டிக்கொண்டு வந்தான். கடைசி ஓரத்தையும் பூசி, கையை உயர்த்திக் காட்டினான். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகுதான் திரும்பிப் பார்த்தான்.

"ஏணி கொண்டாரட்டுமாய்யா?" என்று கேட்டார் ஆர்னே, முகத்தைக் கஷ்டப்பட்டு நேராக வைத்துக்கொண்டு.

"எதுக்கு? எனக்கு இங்க காத்து நல்லா வருது. எப்ப எறங்கணும்னு தோணுதோ அப்ப எறங்குவேன்."

"ஏறத் தெரிஞ்ச கிழவனுக்கு எறங்கத் தெரியல," என்றாள் மேவிஸ். ஆனால் அவனுடைய சங்கடம் அவளுக்குப் புரிந்தது. இத்தனை நாற்காலிகளுக்கு முன்னால் ஆர்னேயின் ஏணியில் இறங்கினால், வசந்தத்துக்குள் அந்தக் கதை புளோரிடா வரைக்கும் எல்லா முகாம்களுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும் என்று அவன் கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

பூச்சு காயவில்லை. கீழே முப்பது வருட மழை குளுகுளுவென்று கிடக்கும்போது மேலே எப்படிக் காயும்? ஆனால் ஓட்டைகள் அத்தனையும் சுத்தமாக அடைபட்டிருந்தன. வெளியேற வழியில்லாத மழைகள் ஒன்றையொன்று நெருக்கின. காலையில் முகாம் எழுந்தபோது கூரை பூரி போல உப்பியிருந்தது, வெண்டல் அதன் உச்சிக்கு வந்திருந்தான். மறுநாள் அது கிளாடிஸின் கொடிக்கம்பத்தைத் தாண்டியது. ஆர்னேயின் ஏணி இப்போது கேட்டாலும் எட்டாது. அப்பத்தையும் காப்பியையும் மீன்பிடிக் கழியின் முனையில் கட்டி மேவிஸ் மேலே அனுப்பினாள். அங்கிருந்து கலிபோர்னியா தெரிகிறது, ஒன்றும் விசேஷமில்லை என்று அவன் கீழே கத்தினான். உப்பலுக்குள் அவ்வப்போது சின்னதாக இடி இடித்தது. டயர்கள் சரளையில் புதைந்தன. "சிலிக்கானா இருந்தா இப்டி ஆகுமா?" என்று ஆர்னே கேட்காத ஆளில்லை. வண்டிக்குள்ளே ஒரு சொட்டுகூட விழவில்லை. பாத்திரங்கள் காலியாகக் கிடந்தன. அந்த அமைதியில் மேவிஸுக்குத்தான் தூக்கம் பிடிக்கவில்லை.

நன்றி நாளன்று ராண்டா ஒரு தட்டில் பண்டிகைக்குச் சுட்ட பூசணி இனிப்போடும், சாமான் கட்ட ஒரு கட்டு அட்டைப்பெட்டிகளோடும் வந்து இறங்கினாள். வெயிலுக்காகக் கண்ணைச் சுருக்கி நேராகக் கதவுக்குப் போனதால் மேலே பார்க்கவில்லை. உள்ளே போய்க் கட்டிலருகே நின்றாள், தொட்டியருகே நின்றாள், தொப்பியில்லாமல் கழிப்பறையிலும் நின்றாள். காலியாயிருந்த கையை விரித்து விரித்துப் பார்த்தாள்.

"அப்பா எங்கம்மா?"

"மேல."

ராண்டாவின் கையிலிருந்த இனிப்புத் தட்டு சாய்ந்தது. "ஐயோ, எப்ப? ஏன் போன் பண்ணல?"

"கூரைக்கு மேலடி. வெளிய வந்து பாரு."

ராண்டா வெளியே வந்து பார்த்தாள். தகப்பன் வானத்திலிருந்து கையசைத்தான். அவள் உட்கார இடம் தேடினாள். ஆர்னே எழுந்து நாற்காலி கொடுத்தார். "இது ஒழுகறத விட மோசம்மா! வெடிச்சா முகாமே போயிடும். நான் பெட்டி பிரிக்கறேன். வண்டி வித்தாச்சுன்னு வெச்சுக்கோ."

"நீ சொன்னது சொட்டு. சொட்டு விழுந்துச்சா?"

"இப்ப விழல. நாளைக்கு?"

மேவிஸுக்குக் கணுக்கால்கள் ஞாபகம் வந்தன. உள்ளே போனாள். வெண்டலின் துளைப்பானை எடுத்தாள். தண்ணீர்க் குழாய்ப் பெட்டியில் கிடந்த பித்தளைத் திருகுகுழாயைத் தேடி எடுத்தாள். பாத்திரம் கழுவும் தொட்டியின் மேல் ஏறி நின்று கூரையில் துளை போட ஆரம்பித்தாள். ராண்டா கத்திக்கொண்டே ஓடி வந்தாள். துளையிலிருந்து லூசியானா ஒரு பீய்ச்சு பீய்ச்சி, ஒரு தவளையையும் அவள் கழுத்தில் போட்டது. அதற்குள் மேவிஸ் குழாயைத் திருகிப் பசை வைத்து அடைத்துவிட்டாள்.

"பாத்தியா! சொட்டுதா இல்லையா!" என்றாள் ராண்டா, தலையைத் துடைத்துக்கொண்டு.

"கொழாயிலேர்ந்து வந்தா அது ஒழுகல் இல்லடி. தண்ணி வசதி."

வாசலில் நின்ற கிளாடிஸ் இது நியாயம் என்றாள். ஆர்னே ஒரு கோப்பையை நீட்டி, மின்னசோட்டா இருக்கிறதா என்று கேட்டார். மேவிஸ் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி மோந்து பார்த்துப் பிடித்துக் கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, பிறந்த ஊர் ஏரிக்கரையில் நனைந்தவர் மாதிரி நடுங்கி, அக்ரிலிக்கும் மோசமில்லை என்று அந்த முகாமில் யாரும் கேட்டிராத ஒரு வார்த்தையைச் சொன்னார். கோப்பைகள் வரிசையில் நின்றன. நடுவில் மேவிஸ் ஒரு டம்ளரை மோந்து பார்த்தாள், யாருக்கும் கொடுக்காமல் மகளிடம் நீட்டினாள்.

ராண்டா குடித்தாள். அதில் வெண்ணெய்க் கிரீமும் அணைந்த மெழுகுவர்த்தியும் கொஞ்சம் இருந்தன. "இதுவா!" என்றாள். "இந்த மழையா! என் எட்டாவது பொறந்தநாள் கேக்கைக் கரைச்சுதே, அதுவா! அப்பா தட்ட எடுத்து அவரு தலைமேலயே பிடிச்சுக்கிட்டாரே!"

"கேக்குக்குத்தான் பிடிச்சேன்," என்று மேலேயிருந்து வெண்டலின் குரல் வந்தது.

"முப்பது வருஷமா இதக் கண்டா ஆகாது எனக்கு," என்றாள் ராண்டா. "இன்னொரு டம்ளர் குடும்மா."

அவள் அந்த மழையைப் பழிவாங்கும் வேகத்தில் முழுவதும் குடித்து முடித்தாள். முகாமும் அந்த வாரம் முழுக்கக் குடித்தது, குளித்தது, ஒரிகனில் துணி துவைத்துப் பைன் வாசத்தோடு திரிந்தது. கூரை நாளுக்கு நாள் இறங்கியது. பூச்சும் காய்ந்தது. கடைசியில் வெண்டல் எழுந்து, நாற்காலிகளின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், காய்ந்த கூரை மேல் நடந்து தன் சொந்த ஏணியில் இறங்கினான். "எறங்கணும்னு தோணிச்சு, எறங்கிட்டேன்," என்றான்.

ராண்டா அட்டைப்பெட்டிகளைப் பிரிக்காமலே திரும்ப எடுத்துப்போனாள். வெண்ணெய் நிறக் கம்பளம் போட்ட கீழ் அறையில் இப்போது இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் வாடகைக்கு இருக்கிறார்கள். வெண்டல் வருடந்தோறும் பூச்சு கொடுக்கிறான், முன்னாலிருந்து பின்னால். அந்தக் குழாயைச் சுற்றி மட்டும் மேவிஸ் அவனைப் பசை வைக்க விடுவதில்லை. லேசாகச் சொட்டினால்தான் அவளுக்குத் தூக்கம் வருகிறது. மிச்சிகன் தீர்ந்துவிட்டது. மின்னசோட்டா ஞாயிற்றுக்கிழமை மட்டும். கோப்பை அவரவர் கொண்டுவர வேண்டும்.