ஊரின் முதல் ஏற்றுமதி

அந்தத் துறைமுகத்துக்கு உலகமே சாமான் அனுப்பியது. அங்கிருந்து உலகத்துக்குப் போனதெல்லாம் காலிப் பெட்டிகளும் அவற்றுக்குள் இருந்த காற்றும்தான். அப்பேர்ப்பட்ட ஊர் முதல்முறையாகக் கனமான பெட்டி ஒன்றை அனுப்பப் போகிறதென்றால், அதைத் தூக்கும் கிரேன் ஓட்டுநருக்குத் தலைகால் புரியுமா?

கீழே நின்று சைகை காட்டுபவன் அவள் கொழுந்தன். வாக்கிடாக்கியில் அவன் “அண்ணி, அண்ணி” என்று கத்திக் கத்தி, துறைமுகத்துக்கே அவள் அண்ணியாகிவிட்டாள். தலை நரைத்த மேலதிகாரிக்கும்கூட.

அந்தப் பெட்டி ‘பழைய காகிதம்’ என்று சொல்லிக்கொண்டு வந்தது. திறந்தால், ஏதோ தேசத்து அடுக்களைக் குப்பை. நாற்றத்தில் கடல்பறவைகள் மயங்கி விழுந்தனவாம். வழக்கமாக இந்த மாதிரிச் சரக்கு அண்ணி வீட்டுக்குப் பின்னாலுள்ள கழிமுகத்தில்தான் கொட்டப்படும். இந்தத் தடவை, வந்த கப்பலிலேயே திருப்பி அனுப்ப உத்தரவு. கப்பலைத் தவறவிட்டால் மறுபடி கழிமுகம்தான்.

“மேல் அடுக்குல இடம் வச்சிருக்கேன் அண்ணி. வச்சிட்டு இறங்குங்க, டீ ஆறுது.”

அவள் தூக்கினாள். கிரேன் முனகியது.

“தம்பி, இது காலி இல்ல. இருபது டன்னு. உச்சியில வச்சா முதல் அலையிலேயே கடல்ல குதிச்சிரும். அப்புறம் கடல் நம்ம வாசல்லயே கொண்டாந்து போடும்.”

கொழுந்தன் நாக்கைக் கடித்துக்கொண்டான். இங்கிருந்து போவதென்றாலே காலி, காலி என்றாலே உச்சி. கை அப்படிப் பழகிவிட்டது.

“அடியில வைக்கணும்னா அந்த வரிசை மொத்தத்தையும் இறக்கணுமே அண்ணி. ஓதம் இறங்கித் தண்ணி வத்துது, இன்னும் நின்னா கப்பல் தரை தட்டிரும். கேப்டன் இதை விட்டுட்டுக் கிளம்பறேங்கறாரு.”

“கிளம்பட்டும். அவரு வரிசையில பாதி இப்ப என் கொக்கிக்கு வந்துரும், அப்புறம் எப்படிப் போவாருன்னு பாக்கறேன்.”

சொன்ன கையோடு குப்பைப் பெட்டியைக் கரையில் இறக்கிவிட்டு, கப்பலிலிருந்த மேல் பெட்டியைத் தூக்கினாள். அப்புறம் அவள் கிரேன் ஓட்டினாளா, பல்லாங்குழி ஆடினாளா என்று பார்த்தவர்களுக்கே குழப்பம். காலிகள் இறங்கின, குப்பை அடியில் உட்கார்ந்தது, காலிகள் அதன் தலையில் ஏறின. கேப்டன் கடிகாரத்தைப் பார்ப்பதை மறந்து அண்ணாந்து நின்றார்.

“அண்ணி, அனுப்பறவங்க பேருல யாரைப் போடன்னு கேக்கறாங்க.”

“நம்ம ஊர் பேரைப் போடச் சொல்லு. பெரிய எழுத்தா.”

கப்பல் தண்ணீரில் ஒரு விரற்கடை தாழ்ந்து, கனத்தோடு வெளியே போயிற்று.